மழைக்காலத்தில் பரங்கிமலை

நம் ஊரில் நின்று நாற்றிசையும் நோக்கினால் நெல்லும் கரும்பும் தென்னையும், அப்பால் சங்கராபரணியின் கரையுமே தென்படும். வில்லியனூர் லூர்து மாதாவைத் தரிசிக்க நடந்தே போய் வருகிறோம். ஏறி இறங்கும் யாத்திரை என்றால் மட்டும் வடக்கே பஸ் பிடிக்க வேண்டியதுதான். ஜூபிலி மலருக்கு ஏதேனும் எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, நமக்கு முதலில் நினைவுக்கு வந்தது சென்னைப் பரங்கிமலையே.

அது பெரிய மலை அல்ல. சுமார் 300 அடி உயரம். நூற்று முப்பதுக்கு மேற்பட்ட படிகள். ஆனால் அங்கே பெரிய திருநாள் டிசம்பர் 18. திருமகனின் பிறப்பை எதிர்நோக்கியிருக்கும் தேவமாதாவின் நாள். புயல் சின்னமா, வெயிலா என்று வானொலியும் தடுமாறுகிற காலம் அது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, சங்கராபரணியில் வெள்ளம் பெருகியது எவருக்கும் மறக்காது. வயல் தண்ணீரில் கிடக்கையில் யாத்திரை ஒரு கேடா என்று சிலர் கேட்டார்கள். வயல் தண்ணீரில் கிடப்பதால்தான் போகவேண்டும் என்றார்கள் சிலர். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. கடைசியில் வீட்டுக்கு ஒருவர் என்று புறப்பட்டோம்.

திண்டிவனம் வரையில் மழை. அச்சிறுபாக்கத்தில் மழை மலை மாதாவைப் பஸ்ஸிலிருந்தபடியே கும்பிட்டபோது தூறல். மதுராந்தகம் ஏரி தாண்டியதும் பளீரென்று வெயில்! பரங்கிமலை அடிவாரத்தில் குடையை மடக்கிய கையோடு மறுபடி விரித்தோம். படியெல்லாம் வழுக்கல். பெரியவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சிலுவைப்பாதையின் ஒவ்வொரு ஸ்தலத்திலும் நின்று நின்று ஏறினார்கள். ஜெபிப்பதற்காகவா, மூச்சு வாங்குவதற்காகவா என்று நாம் கேட்கவில்லை.

அந்தப் படிகளைக் கட்டியவர் போர்த்துகீசியரும் அல்ல, ஆங்கிலேயரும் அல்ல. கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மேனிய வியாபாரி. மலைக்குப் போகும் ஜனங்கள் சைதாப்பேட்டையில் அடையாற்று வெள்ளத்தைக் கடக்கத் தவிப்பதைக் கண்டு, 1726-இல் அங்கே பாலமும் தம் சொந்தச் செலவில் கட்டிக்கொடுத்தார். இதில் நம்மைக் கொஞ்சம் கூச வைக்கும் ஒரு சங்கதியும் உண்டு. 1746-இல் பிரெஞ்சுக்காரர் மதராசைப் பிடித்தபோது, தங்கள் பக்கம் சேர மறுத்த இம்மனிதரின் சொத்துக்களைப் பறிமுதல் செய்தார்கள். அப்போது புதுச்சேரியில் கவர்னராக இருந்தவர் துய்ப்ளே. 1759 பிப்ரவரியில் லாலியின் சேனையும் இம்மலையடியில் போரிட்டது. எதிரே நின்றவர்களில் ஒருவர் மருதநாயகம் என்கிற யூசுப்கான். ஆகப் புதுச்சேரியிலிருந்து இம்மலைக்குப் போனவர்கள் எல்லோரும் ஜெபமாலையோடு போனவர்கள் அல்ல.

மேலே கோவில். நம் பாட்டிமார் அர்ச். தோமையார் என்று சொல்லிப் பழகிய அப்போஸ்தலர், கி.பி. 72-இல் இம்மலையில் ஈட்டியால் குத்துண்டு வேதசாட்சியானார் என்பது பரம்பரை வழக்கு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ வேறு கதை கேட்டிருக்கிறார்: மயில் வேட்டையாடிய ஒருவனின் அம்பு தவறிப் பாய்ந்ததாம். அவர் கல்லறைக்குக் கிறிஸ்தவர்களும் முகமதியர்களும் சேர்ந்தே யாத்திரை வந்ததையும் அவர் குறித்திருக்கிறார்.

1547-இல் போர்த்துகீசியர் மலைமேல் கோவிலுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு கற்சிலுவை கிடைத்தது. மேலே புறா இறங்குகிறது. சுற்றிலும் யாருக்கும் விளங்காத எழுத்து. அக்காலத்தில் வரவழைக்கப்பட்ட ஒரு பண்டிதர் அதில் தோமையாரின் சரித்திரம் முழுவதையும் வாசித்துக் காட்டினார். அவ்வளவு நீளமான கதை அச்சிறு வரியில் அடங்குமா என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை! 1873-இல் பர்னல் துரை, அது பாரசீகத்துப் பஹ்லவி எழுத்து என்று எடுத்துக் காட்டினார். கோட்டயத்திலும் இதுபோன்ற சிலுவை உண்டு. கதை சுருங்கிற்று, ஆனால் சரித்திரம் பெரிதாயிற்று. போர்த்துகீசியர் கப்பல் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இக்கரையில் சிலுவையை வணங்கிய ஜனங்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி.

அக்கல் 1558 டிசம்பர் 18-இல் திருப்பலி நடக்கையில் வியர்த்தது என்றும், பின்னும் பல முறை வியர்த்து, 1704-இல் கடைசியாக வியர்த்தது என்றும் சொல்வார்கள். வெளியே மழை கொட்ட, உள்ளே மெழுகுவர்த்திப் புகையில் அதன் முன் நின்றபோது, நம்மோடு வந்த கல்லூரி மாணவர் ஒருவர் மெல்லக் கேட்டார்: “ஈரக்காற்றில் எங்கள் வீட்டு அம்மியும்தான் வியர்க்கிறது. இது டிசம்பர்தானே?” ஒரு பாட்டி அவரைத் திரும்பிப் பார்த்தார். நாம் என்ன பதில் சொல்ல? இதை நம்பியே தீரவேண்டும் என்று திருச்சபை எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. கேட்பதும் பாவம் அல்ல. தோமையாரே கேட்டவர்தானே! தொட்டுப் பார்த்தால்தான் ஆயிற்று என்றவரின் மலையில் நின்றுகொண்டு ஒரு பிள்ளையைக் கேள்வி கேட்காதே என்று எப்படி அடக்குவது? பாட்டி மட்டும், “அம்மி வியர்த்தா நானும் பாத்திருக்கேன் தம்பி, அது முன்னால யாரும் முழங்கால் போடலியே” என்றார். மாணவர் சிரித்துவிட்டு அவருக்காகக் கையை நீட்ட, அவர் அதைப் பற்றிக்கொண்டு எழுந்தார்.

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. கீழே ரயில் தண்டவாளமும் விமான நிலையமும் கழுவி வைத்தாற்போல் தெரிந்தன. 1802-இல் லாம்டன் துரை இந்தியாவை அளக்கத் தொடங்கிய அடிக்கோடும் இம்மலைப் பக்கத்திலிருந்தே புறப்பட்டது என்று மாணவர் விளக்கிக்கொண்டு வந்தார். பாதிப்படியில் மறுபடி தூறல் விழுந்தது. குடை பஸ்ஸில் இருந்தது. பாட்டி முந்தானையை இழுத்துத் தம் தலையையும் மாணவர் தலையையும் மூட, அப்படியே இருவரும் இறங்கினார்கள். ஊர் வந்து சேர்ந்தபோது நள்ளிரவு. மறுநாள் விடிந்ததும் எல்லோரும் வயலுக்குப் போனார்கள். முழங்கால் அளவு தண்ணீர் இன்னும் வடியவில்லை.