ராக்கெட் தாக்குதலில் 2 கால்களை இழந்த பைலட்.. அமெரிக்க செனட்டர் ஆனது எப்படி? யார் இந்த டாமி டக்வொர்த்?

கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூலுக்கும் அமெரிக்க செனட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. மேரிலாந்து செனட்டர் கிறிஸ் வான் ஹாலன் சின்ன வயதில் படித்த பள்ளி அது. 2017 ஜனவரி 3-ம் தேதி அவர் செனட்டரானார். அதே நாளில், அதே ஜனநாயகக் கட்சியில் இருந்து இல்லினாய்ஸ் மாகாணத்துக்கு செனட்டரானவர்தான் டாமி டக்வொர்த். இராக் போரில் இரண்டு கால்களையும் இழந்தவர்.

யார் இவர்?

1968-ல் பாங்காக்கில் பிறந்தவர். அப்பா அமெரிக்கர், முன்னாள் ராணுவ வீரர். அம்மா தாய்லாந்தைச் சேர்ந்த சீன வம்சாவளி. தாய்லாந்து, இந்தோனேசியா, சிங்கப்பூர்னு ஊர் ஊராக வளர்ந்தார். 16 வயதில் குடும்பம் ஹவாய்க்குப் போனபோது கையில் பணம் இல்லை. அரசு தரும் உணவு கூப்பனில்தான் சாப்பாடு. டக்வொர்த் சாலையோரத்தில் பூ விற்றார்.

படித்துக்கொண்டே ராணுவப் பயிற்சியில் சேர்ந்தவர், ஹெலிகாப்டரைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் பெண்களுக்குத் திறந்திருந்த சில போர்ப் பணிகளில் அதுவும் ஒன்று. நேஷனல் கார்டு எனப்படும் பகுதி நேர ராணுவப் பிரிவில் இருந்தார். வழக்கமான நாட்களில் ரோட்டரி இன்டர்நேஷனல் ஆபீசில் வேலை, கூப்பிட்டால் போர். 2004-ல் கூப்பிட்டார்கள்.

என்ன நடந்தது?

2004 நவம்பர் 12. பாக்தாத்துக்கு வடக்கே பறந்துகொண்டிருந்த பிளாக் ஹாக் ஹெலிகாப்டரை ஒரு ராக்கெட் குண்டு தாக்கியது. வெடித்தது அவர் காலடியில். வலது கால் இடுப்புக்குப் பக்கத்திலேயே போய்விட்டது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. வலது கையும் மோசமாக நொறுங்கியது. கூட இருந்த பைலட் ஹெலிகாப்டரை எப்படியோ தரையிறக்கினார். முதலில் டக்வொர்த் இறந்துவிட்டதாகவே சக வீரர்கள் நினைத்தார்கள்.

வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் ஓராண்டுக்கும் மேல் சிகிச்சை. அங்கேதான் அரசியல் தொடங்கியது. காயம்பட்ட வீரர்களின் சம்பளப் பிரச்சினை, சிகிச்சைப் பிரச்சினைன்னு செனட்டர் டிக் டர்பின் ஆபீசுக்கு ஓயாமல் போன் போட்டார். 'நீங்களே தேர்தலில் நில்லுங்க' என்கிற யோசனை டர்பினிடம் இருந்தே வந்தது.

போர் வீரர்னா ஓட்டு விழுந்துடுமா?

விழவில்லை. 2006-ல் முதல் தேர்தல், 5,000-க்கும் குறைவான ஓட்டில் தோல்வி. பிறகு மாகாண அளவிலும், ஒபாமா ஆட்சியில் மத்திய அளவிலும் முன்னாள் வீரர்கள் நலத்துறையில் பதவி வகித்தார். 2012-ல் எதிர்த்து நின்ற ஜோ வால்ஷ், 'எப்பப் பார்த்தாலும் ராணுவ சேவையையே பேசுறாங்க' என்று குறைபட்டார். அந்தத் தேர்தலில் டக்வொர்த் ஜெயித்து பிரதிநிதிகள் சபைக்குப் போனார்.

2016 செனட் தேர்தல் இன்னும் விநோதம். எதிரணியில் நின்ற மார்க் கிர்க்கும் பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியைப் பயன்படுத்தியவர். தன் அப்பா வழிக் குடும்பம் அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் இருந்து ராணுவத்தில் இருப்பதாக விவாத மேடையில் டக்வொர்த் சொன்னார். ஜார்ஜ் வாஷிங்டனிடம் வேலை செய்ய உங்க பெற்றோர் தாய்லாந்தில் இருந்து வந்தாங்களான்னு கிர்க் கிண்டலடித்தார். மறுநாள் மன்னிப்பு கேட்க வேண்டியதானது. தேர்தலிலும் தோற்றார்.

செனட்டில் என்ன செய்தார்?

2018 ஏப்ரலில் இரண்டாவது மகள் பிறந்தாள். பதவியில் இருக்கும்போது குழந்தை பெற்ற முதல் செனட்டர் இவர்தான். ஆனால் சபைக்குள் குழந்தையைக் கொண்டுவர விதி இல்லை, நேரில் வராமல் ஓட்டும் போட முடியாது. விதியையே மாற்றினார்கள். மறுநாள் 10 நாள் குழந்தையோடு வந்து ஓட்டு போட்டார்.

பெரிதாகப் பேசப்படாத இன்னொரு வேலையும் உண்டு. விமானத்தில் ஏற்றும் சக்கர நாற்காலி உடைந்து வருவது அங்கே அன்றாடக் கதை. எத்தனை உடைகிறது என்று ஒவ்வொரு பெரிய விமான நிறுவனமும் கணக்கு காட்ட வேண்டும் என 2018 சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்க வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தவருக்குத்தான் இது தோன்றும்.

நம்ம ஊரில்?

மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு வேலையில் 4% இடஒதுக்கீடு உண்டு. மக்களவையிலோ சட்டமன்றத்திலோ கிடையாது. உள்ளாட்சியில் மட்டும் தமிழ்நாடு ஒரு அடி எடுத்து வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் 1994 ஊராட்சிகள் சட்டத்தையும் 1998 நகர்ப்புற உள்ளாட்சி சட்டத்தையும் திருத்தி, மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வழி செய்தது. சரிவும் படிக்கட்டுமாக இருக்கும் பழனி மலைத் தெருக்களில் சக்கர நாற்காலியில் வீடு வீடாகப் போய் ஓட்டு கேட்பது லேசான காரியமில்லை. அங்கே நியமனம்தான் நடைமுறைக்கு ஒத்துவரும் வழி. ஆனால் டக்வொர்த் ஓட்டு வாங்கி வந்தவர், சபையில் அவர் குரலுக்கு இருக்கும் கனம் நியமன உறுப்பினருக்கு வருமா என்பது சந்தேகமே.

24 வார்டு கொண்ட கொடைக்கானல் நகராட்சியில் அப்போது மன்றம் இருந்தது. ஆனால் தாண்டிக்குடி, பூம்பாறை, மன்னவனூர் போன்ற மலை ஊராட்சிகளில் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போயிருந்தது. சட்டம் வந்தபோது, நியமித்தவரை உட்கார வைக்க அங்கே மன்றமே இல்லை.