பசியை மறுக்கும் நோயும் ஐந்து கேள்விகளும்

பசி என்றதும் வறுமையை நினைப்பதே நமது வழக்கம். சோறில்லாதவனின் பசிக்குக் காரணம் காண வைத்தியர் வேண்டியதில்லை. ஆனால், உணவு முன்னே இருந்தும் உண்ண மறுத்து உடல் தேய்வோரும், அளவின்றி உண்டபின் மறைவில் வாந்தியெடுப்போரும் உளர். இதுவும் நோயே, உயிரைப் பறிக்கவும் வல்லது. இந்நோயாளரை வைத்தியம் இனங்கண்ட வரலாறு, அது எவரைக் காணாது விட்டது என்பதன் வரலாறுமாகும்.

1689இல் ஆங்கில வைத்தியர் றிச்சேட் மோட்டன், உடல் தேயும் நோய்களைப் பற்றி லத்தீன் மொழியில் நூலொன்று வெளியிட்டார். மனக்கவலையால் உணவில் நாட்டமிழந்து மெலிந்த இருவரை அதில் விவரித்தார். ஒருத்தி 18 வயதுப் பெண். மற்றவன் 16 வயதுச் சிறுவன். பெண் இறந்தாள், சிறுவன் பெருமளவு தேறினான்.

1873இல் பாரிஸில் லாசேக்கும், லண்டனில் வில்லியம் கல்லும் தனித்தனியே இந்நோயை ஆராய்ந்தனர். அனொரெக்சியா நெர்வோசா என்னும் பெயரை வழங்கியவர் கல். அவர்கள் விவரித்தோர் பெரும்பாலும் இளம் பெண்களே. வசதி படைத்த வீட்டுப் பெண்ணின் நோய் இது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்தது. மோட்டன் கண்ட சிறுவன் மறக்கப்பட்டான்.

1979இல் ஜெரால்ட் றசல் புலிமியா நெர்வோசாவை விவரித்தபோது மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது: இந்நோயாளரின் எடை சாதாரணமாகவும் இருக்கலாம். ஆகவே தராசை மட்டும் நம்புவதில் பயனில்லை. கேட்டே அறிய வேண்டும். அதே ஆண்டில் ரொறன்ரோவில் 40 வினாக்கள் கொண்ட படிவமொன்று வெளியாயிற்று. ஆனால் சில நிமிடங்களில் ஒரு நோயாளியைப் பார்த்து முடிக்கவேண்டிய குடும்ப வைத்தியருக்கு அது நீளமானது. 1999இல் லண்டனில் மோர்கன், றீட், லேசி ஆகியோர் ஐந்தே கேள்விகளைத் தந்தனர். வயிறு நிறைந்த வேதனையில் வாந்தியெடுப்பது, உண்ணும் அளவில் கட்டுப்பாடிழந்த கவலை, மூன்று மாதத்தில் சுமார் 14 இறாத்தல் குறைவது, பிறர் மெலிவென்றாலும் தன்னைப் பருமனாகக் கருதுவது, வாழ்வை உணவே ஆள்வது என்பன அவை. இரண்டுக்கு ஆம் என்றால் மேலும் ஆராய வேண்டும்.

2002இல் லண்டனின் இரு குடும்ப வைத்திய நிலையங்களில் 341 பெண்களிடம் இது சோதிக்கப்பட்டது. நோயுற்ற 13 பேரில் 11 பேர் அகப்பட்டனர். ஆயினும் சந்தேகத்துக்குள்ளான 45 பேரில் 34 பேருக்கு நோயில்லை. நோய் அரிதான கூட்டத்திலே நல்ல வலையிலும் வேறு மீன்களே மிகுதியாக விழும். எனவே கேள்வி தீர்ப்பன்று, உரையாடலின் தொடக்கமே. பிரித்தானியாவின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டலும் இத்தகைய படிவத்தை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது என்றது. உடல் எடையை மட்டும் அளவுகோலாக்கிச் சிகிச்சையை மறுக்கவும் கூடாது என்றது. அறிகுறி எதுவுமற்ற எல்லோரையும் வினவுவதால் நன்மை உண்டா என்பதற்குப் போதிய சான்றில்லை என 2022இல் ஐக்கிய அமெரிக்க நிபுணர் குழு கூறியது.

இதனைக் கேட்டுக் கேள்விகளையே கைவிடுவோர் தவறு செய்வர். மேற்கூறிய சோதனையில் ஆண் ஒருவனேனும் வினவப்படவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். கேட்கப்படாதவனின் நோய் கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாத நோய்க்குச் சிகிச்சைக்கூடம் எழாது. ஏழை இளைஞன் மெலிந்தால் வறுமை என்போம்; மாணவி மெலிந்தால் அழகு என்போம். இரண்டும் நோயை மறைக்கும் திரைகளே.

ஐந்து கேள்விகளுக்குச் செலவு மிகச் சிறிது. ஆனால் அவற்றின்பின் பொறுமையோடு கேட்கும் வைத்தியரும், பணமின்றிக் கிடைக்கும் சிகிச்சையும் வேண்டும். அவை இல்லாவிடத்தில் நோயை இனங்காண்பது நோயாளிக்குப் புதியதொரு பெயரைச் சூட்டுவதாக மட்டுமே முடியும். கேள்வி எல்லோருக்கும் உரியதாகுக. அதன்பின் வரவேண்டிய சிகிச்சையும் எல்லோருக்கும் உரியதாகுக.