பழைய காரில் ஆயில் டிரெயின் போல்ட் மரை போனால் என்ன செய்வது?

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய காரை வைத்திருப்பவர்களுக்கு ஆயில் மாற்றும் நாளில் வரும் தலைவலிகளில் ஒன்று, இன்ஜினின் அடியில் உள்ள டிரெயின் போல்ட். பழைய ஆயிலை வடித்துவிட்டுப் போல்ட்டைத் திரும்ப மாட்டினால் அது சுற்றிக்கொண்டே இருக்கும், இறுகாது. அல்லது இறுகியது போல் தெரிந்து, மறுநாள் காலையில் கார் நின்ற இடத்தில் கருப்பாக ஆயில் சொட்டியிருக்கும். இதைத்தான் 'மரை போய்விட்டது', 'திரெட் போய்விட்டது' என்கிறோம்.

விரல் பருமனுள்ள ஒரு போல்ட்தானே என்று இதை அலட்சியப்படுத்த முடியாது. இன்ஜின் ஆயில் முழுவதையும் சம்ப்புக்குள் தாங்கி நிற்பது அந்த ஒரு போல்ட்தான். ஓடும்போது அது கழன்று விழுந்தால் சில நிமிடங்களில் ஆயில் தரையில் கொட்டிவிடும். ஆயில் இல்லாமல் இன்ஜின் தொடர்ந்து ஓடினால் பேரிங்குகள் உருகி, இன்ஜின் இறுகி நின்றுவிடும். பழைய காருக்கு இன்ஜின் வேலை பார்க்கும் செலவு, சில சமயம் அந்தக் காரின் விலைக்கே அருகில் வந்துவிடும். டேஷ்போர்டில் உள்ள சிவப்பு ஆயில் விளக்கு முன்கூட்டியே எச்சரிக்கும் என்றும் நம்ப முடியாது. அது ஆயிலின் அளவைக் காட்டும் விளக்கு அல்ல, அழுத்தம் குறைந்ததைக் காட்டும் விளக்கு. ஓடும்போது அது எரிந்தால், உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைப்பது ஒன்றே வழி.

மரை ஏன் போகிறது?

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். போல்ட்டைப் பிடித்து வைப்பது மரை. ஆயில் கசியாமல் தடுப்பது வாஷர். தாமிரம், அலுமினியம் அல்லது ஃபைபரால் ஆன அந்த மெல்லிய வளையம், போல்ட்டின் தலைக்கும் சம்ப்புக்கும் நடுவே லேசாக நசுங்கி இடைவெளியை அடைக்கிறது. ஒருமுறை நசுங்கியதை மறுபடியும் போட்டால் சரியாக அடைக்காது, கசியும். கசிவைப் பார்த்ததும் நாம் செய்வது என்ன? ஸ்பானரை எடுத்து இன்னும் கொஞ்சம் இறுக்குகிறோம். அடுத்த முறை இன்னும் கொஞ்சம். இப்படி வாஷரின் குறைக்கு மரையைத் தண்டிப்பதால்தான் பெரும்பாலான மரைகள் போகின்றன.

பல சிறிய கார்களின் டிரெயின் போல்ட் 14 மி.மீ. குறுக்களவு கொண்டது. அதற்குத் தேவையான இறுக்கம் பொதுவாக 35 முதல் 40 நியூட்டன் மீட்டர்தான். 20 செ.மீ. நீள ஸ்பானரின் நுனியில் சுமார் 18 கிலோ பலத்தைக் கொடுத்தாலே 35 வந்துவிடும். அதே பலத்தை ஒரு மீட்டர் பைப்பை மாட்டிக் கொடுத்தால் இறுக்கம் ஐந்து மடங்காகிவிடும். காற்றில் இயங்கும் கன்னால் 'டர்ர்' என்று ஏற்றினாலும் இதே கதிதான். சரியான அளவு காருக்குக் கார் மாறும் என்பதால், அந்தந்தக் காரின் சர்வீஸ் கையேட்டில் உள்ளதையே பின்பற்ற வேண்டும்.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. போல்ட்டைக் கையால் தொடங்காமல், நேரடியாக ஸ்பானரால் கோணலாக ஏற்றுவது ஒன்று. காருக்கு அடியில் படுத்துக்கொண்டு திசை குழம்பி, கழற்றுவதாக நினைத்து இறுக்குவது மற்றொன்று. போல்ட்டின் தலையை நேராகப் பார்க்கும்போது இடப்பக்கமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றினால்தான் கழலும்.

எந்த மரை போயிருக்கிறது?

கார் சமதளத்தில் நிற்க வேண்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும், சக்கரங்களுக்குக் கல் வைத்திருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் ஒருபோதும் போகக் கூடாது. உறுதியான ஸ்டாண்டு கொடுத்த பிறகே போக வேண்டும். இன்ஜின் சூடு தணிந்து வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆயிலை வடிப்பது நல்லது. கொதிக்கும் ஆயில் கையில் பட்டால் தோல் வெந்துவிடும்.

போல்ட் வெளியே வராமல் அதே இடத்தில் சுற்றினால், தலைக்கு அடியில் ஒரு ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து மெதுவாக நெம்பிக்கொண்டே சுற்ற வேண்டும். மிச்சமிருக்கும் மரையைப் பிடித்து வெளியே வந்துவிடும். தலையின் மூலைகள் தேய்ந்து வட்டமாகியிருந்தால், பன்னிரண்டு முனை ரிங் ஸ்பானர் வழுக்கும். ஆறு முனை சாக்கெட்டைச் சுத்தியால் தட்டி ஏற்றினால் பிடிக்கும். அதற்கும் வராவிட்டால் பூட்டிக்கொள்ளும் பிளையரால் இறுகப் பிடித்துத் திருப்பலாம்.

வெளியே எடுத்த போல்ட்டைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். அதன் மரைகள் மழுங்கியிருந்து, சம்ப்பின் துளை நன்றாக இருந்தால் அதிர்ஷ்டம்தான். புதிய போல்ட்டும் புதிய வாஷரும் போதும். மாறாக, போல்ட்டின் மரைகளுக்கு இடையே கம்பிச் சுருள் போல உலோகம் சுற்றிக்கொண்டிருந்தால், அது சம்ப்பின் துளையிலிருந்து பிய்ந்து வந்தது. சேதம் சம்ப்பில் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, சம்ப் எந்த உலோகம் என்று பார்க்க வேண்டும். ஒரு சிறிய காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் இரும்புத் தகடு. அதன் உட்புறம் ஒரு நட்டை வெல்டிங் வைத்திருப்பார்கள். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. எஃகுப் போல்ட்டை விட அலுமினியம் மென்மையானது என்பதால், அதில் முதலில் போவது சம்ப்பின் மரைதான்.

சரிசெய்யும் வழிகள்

எளியதிலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் போவதே நல்லது.

1. டேப் விட்டுச் சுத்தம் செய்தல்: முதல் ஓரிரு மரைகள் மட்டும் நசுங்கியிருந்தால், அதே அளவு டேப்பைக் கையால் நேராக விட்டு எடுத்தால் மரை சீராகிவிடும். உட்புறம் சேதமாகாத மரைகள் மிச்சமிருந்தால், சற்று நீளமான போல்ட் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது உள்ளே எதிலும் இடிக்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

2. ஓவர்சைஸ் போல்ட்: பழையதை விடச் சற்றுப் பெரிதாக, தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் போல்ட் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். குறைந்த செலவில் முடியும் வேலை இது. ஆனால் ஒருமுறை கோணலாக ஏறினால் துளை கெட்டுவிடும். கால் சுற்று ஏற்றி, கொஞ்சம் பின்வாங்கி, மறுபடியும் ஏற்ற வேண்டும்.

3. ஹெலிகாயில் அல்லது புஷ் போடுதல்: துளையைப் பெரிதாக்கிப் புதிய மரை வெட்டி, அதற்குள் எஃகினால் ஆன மரைச்சுருளையோ புஷ்ஷையோ பொருத்துவார்கள். பிறகு பழைய அளவு போல்ட்டையே போடலாம். அலுமினிய சம்ப்புக்கு இது நிலையான தீர்வு. சரியாகச் செய்தால் முன்பிருந்த மரையை விட உறுதியாக இருக்கும். அனுபவமுள்ள லேத் பட்டறையில் கொடுப்பதே நல்லது.

4. சம்ப்பையே மாற்றுதல்: துளையைச் சுற்றி விரிசல் விட்டிருந்தாலோ, உள்ளே வெல்டிங் வைத்த நட் பெயர்ந்திருந்தாலோ சம்ப்பைக் கழற்றியாக வேண்டும். கழற்றிச் சுத்தம் செய்த பிறகே வெல்டிங் வைக்கலாம். காரில் மாட்டியிருக்கும்போதே, ஆயில் படிந்த சம்ப்பில் வெல்டிங் வைப்பது தீப்பிடிக்கும் ஆபத்தை வரவழைப்பதாகும்.

இரண்டாவது, மூன்றாவது வழிகளில் உலோகத் துகள்கள் உள்ளே விழக்கூடும். டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் தடவினால் பெரும்பாலான துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும், போல்ட்டை மாட்டாமல் அரை லிட்டர் ஆயிலை மேலிருந்து ஊற்றி வழியவிட்டால் மீதியும் வெளியேறிவிடும். சம்ப்பைக் கழற்றி வைத்துச் செய்தால் இந்தக் கவலையே இல்லை.

செய்யக் கூடாதவை

டெஃப்லான் டேப்பைச் சுற்றி ஏற்றுவது, பசை வைத்து அடைப்பது இரண்டும் தீர்வு ஆகாது. இவை கசிவைக் கொஞ்ச நாள் மறைக்கலாம். போல்ட்டைப் பிடித்து வைக்கும் பலம் இவற்றுக்குக் கிடையாது. டேப்பின் துணுக்குகள் பிய்ந்து உள்ளே போனால் ஆயில் வழியை அடைக்கும். பசை வைத்தால் அடுத்த முறை கழற்றவே முடியாது. ரப்பரால் ஆன தற்காலிக அடைப்பான்கள் கிடைக்கின்றன. பட்டறை வரை காரைக் கொண்டு போக மட்டும் அவற்றைப் பயன்படுத்தலாம். வெளியூர்ப் பயணத்துக்கு நம்பக் கூடாது.

வேலை முடிந்த பிறகு

ஆயில் ஊற்றிப் பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு, போல்ட்டைச் சுற்றிப் பாருங்கள். இரவில் காருக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். சொட்டு விழுந்தால் காலையில் தெரிந்துவிடும். ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு, டிப்ஸ்டிக்கில் அளவை மறுபடியும் பாருங்கள்.

வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. கேனில் அடைத்து, பழைய ஆயிலை முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் கொடுத்துவிடலாம்.

அடுத்த முறை ஆயில் மாற்றக் காரை விடும்போது மூன்றே விஷயங்களைச் சொல்லுங்கள்: புது வாஷர் போட வேண்டும், போல்ட்டைக் கையால் சில சுற்று ஏற்றிய பிறகே ஸ்பானரைத் தொட வேண்டும், கடைசி இறுக்கத்துக்கு கன் வேண்டாம். வாஷரின் விலை ஒரு டீ செலவுதான். அதை மிச்சம் பிடிக்கப் போய் சம்ப்புக்கும் இன்ஜினுக்கும் செலவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.