சாப்பிட்டதும் வயிறு உப்புகிறதா? ஓமத் தண்ணீரோடு நின்றுவிடாதீர்கள்

சாப்பிட்ட பின் வயிறு உப்புதல், புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல், மேல்வயிற்று வலி. நீலாய் வட்டாரத் தோட்டங்களிலும் தாமான்களிலும் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: 'கேஸ்ட்ரிக்'. ஆனால், அந்த ஒரு பெயருக்குள் பல காரணங்கள் இருக்கின்றன.

உணவுப் பழக்கம்

விடியுமுன் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போவது, தாமதமாகப் பசியாறுவது, இரவில் வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுப்பது ஆகியவை தொல்லை தரும். ஓமம் அல்லது சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர் உப்புசத்துக்கு இதமளிக்கும். காரம், எண்ணெயைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம். இரவு உணவுக்குப் பின் 2 முதல் 3 மணி நேரம் கழித்துப் படுப்பது நல்லது.

வலி மாத்திரை

உடம்பு வலிக்காக டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம் போன்ற மாத்திரைகளை அடிக்கடி விழுங்கினால் இரைப்பையில் புண் உண்டாகலாம். மருத்துவரிடம் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கிருமி

இரைப்பைப் புண்ணுக்கு 'ஹெலிகோபாக்டர் பைலோரி' என்ற கிருமியும் முக்கியக் காரணம். இதைக் கண்டறிந்த ஆஸ்திரேலியர்கள் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் இக்கிருமி அதிகம் காணப்படுவதை மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியுள்ளன. பெரும்பாலும் சிறுவயதிலேயே, குடும்பத்துக்குள் தொற்றுகிறது. ஓமத் தண்ணீர் வலியைத் தணிக்கலாம், கிருமியை ஒழிக்காது.

மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை அல்லது எண்டோஸ்கோபி மூலம் இதை அறியலாம். ஓமெப்ராசோல் போன்ற மாத்திரை சாப்பிடுவோர் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். அது முடிவை மாற்றக்கூடும். கிருமி உறுதியானால் வழக்கமாக 14 நாள் மருந்து. வலி நின்றதும் பாதியில் நிறுத்தினால் கிருமி மிஞ்சும். அடுத்த முறை மருந்து கேட்காமல் போகலாம்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

சில வாரங்களாகத் தொல்லை நீடித்தால் அரசாங்கக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். குடியுரிமை பெற்றவர்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. தேவைப்பட்டால் அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். உடல் மெலிதல், விழுங்கச் சிரமம், இரத்தசோகை இருந்தால் உடனே போக வேண்டும். இரத்த வாந்தியோ கறுத்த மலமோ வந்தால் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும்.

நெஞ்சில் அழுத்தத்தோடு வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் 'வாயு' என்று தைலம் தேய்த்துக் காத்திருக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். 999ஐ அழையுங்கள்.