அருளாட்டத்தில் உடலின் விழிப்பு: குலசேகரன்பட்டினம் தசராவின் காளி வேடத்தை முன்வைத்து

அருள் வந்து ஆடுபவர் தன்னை மறந்து ஆடுகிறார் என்பது பக்தர்களும் ஆய்வாளர்களும் ஒருசேரச் சொல்லிவரும் கூற்று. அருளாட்டத்தைப் பயின்ற நடனத்திலிருந்து பிரித்து ஒதுக்க இந்தக் கூற்றே போதும் என்றாகிவிட்டது. தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில், குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்குக் காளி வேடம் கட்டுவோரின் ஆட்டத்தை அருகில் நின்று பார்ப்பவர்களுக்கு இது பொருந்தாது என்பது விளங்கும். பெயரும் தொழிலும் கொண்ட அந்த ஆள் மறக்கப்படலாம். அவருடைய உடல் மறக்கப்படுவதில்லை. மற்ற நாள்களில் இல்லாத அளவுக்கு அது விழித்திருக்கிறது.

வேடம் நேர்த்திக்கடன். மாலை போட்டுப் பல வாரம் விரதமிருந்து, கொடியேறியதும் காப்புக் கட்டி, தசரா குழுவோடு ஊர் ஊராகக் காணிக்கை பெற்று, விஜயதசமி இரவு கடற்கரையில் நடக்கும் சூரசம்ஹாரத்துக்கு வந்து சேர்வார்கள். குழுவாகப் போனாலும், ஒரு வீட்டு வாசலில் மேளம் உச்சத்துக்கு ஏறும்போது காளி தனியாகத்தான் ஆடும். இது பயிற்சியில்லாத ஆட்டம் என்போர் விரதத்தை வெறும் சடங்காகவே பார்க்கிறார்கள். குறைந்த உணவும் வெறுங்கால் நடையும் உடலைத் தயார்செய்கின்றன. ஆட்டம் தொடங்குமுன்பே பாதம் தரையைப் படித்துவிடுகிறது.

இனி வேடத்தின் பாரம். தலையில் சடைமுடியும் கிரீடமும். முதுகோடு சேர்த்து இறுகக் கட்டிய கூடுதல் மரக்கைகள். கோரைப்பல்லும் தொங்கும் நாக்கும் வாயில் இருப்பதால் மூச்சின் போக்கே மாறிவிடுகிறது. இத்தனையும் சுமந்து ஒருவர் குறுகிய தெருவில் சுழன்று ஆடுகிறார். பந்தல் தாழ்ந்த இடத்தில் கிரீடம் தானாகச் சரிகிறது. குழந்தைகள் நெருக்கிய பக்கம் தோள் ஒடுங்கிக்கொள்கிறது. கணக்கிட்டுச் செய்ய அங்கே நேரமில்லை. இறகு செருகிய தொப்பி அணிந்த பெண் அந்த இறகு எங்கே முடிகிறது என்று அளந்து பார்க்காமலே அதை இடிபடாமல் காப்பதைப் பிரெஞ்சு மெய்யியலாளர் மெர்லோ-போந்தி 1945இல் வெளிவந்த தம் புலனறிவு நூலில் எடுத்துக்காட்டினார். அணிந்த பொருள் உடலாகவே ஆகிவிடுகிறது என்பது அவர் கருத்து. காளியின் மரக்கைகள் அந்த இறகைவிட வலுவான சான்று என்பேன். இறகைச் சுமந்தவர் நடந்தார், இவர் ஆடுகிறார்.

பயின்ற நடனத்தின் தரப்பிலிருந்தும் இதற்குத் துணை கிடைக்கிறது. 1975இல் சென்னைத் தமிழ் இசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி, தாளத்தில் நிற்கும் கால், முத்திரை காட்டும் கை, கையைத் தொடரும் கண், இசையைக் கேட்கும் காது, ஆடுபவரின் சொந்தப் பாட்டு ஆகிய ஐந்தும் இசையும்போதுதான் மனம் ஒருமை அடைகிறது என்றார். செயலை விடுவதால் வருவதல்ல, செயலின் நிறைவால் வருவது அந்த ஒருமை. அவர் ஆடிய சதிரையும் அருளாட்டத்தையும் ஒன்றாக்க நான் முயலவில்லை. இலக்கணம் வேறு, நோக்கம் வேறு. ஆனால் தன்னிழப்பு உடலின் நிறைவான ஈடுபாட்டிலிருந்தே பிறக்கிறது என்பதில் இரண்டும் ஒரே பக்கம் நிற்கின்றன.

ஆடி மயங்கிச் சரிபவர்களும் உண்டே என்று கேட்கலாம். உண்டு, தாங்கிப் பிடிக்கவும் திருநீறு பூசவும் ஆள் நிற்கிறார்கள். பெரும்பாலும் அது மேளம் நின்ற பிறகு நேர்வது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆட்டத்தின் விழிப்பு ஆடுபவரின் தோலுக்குள் அடைபட்டதல்ல. கொட்டுபவரின் கையிலும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. இந்தப் பங்கீட்டுக்கு இக்கடலிலேயே ஓர் ஒப்புமை உண்டு. 1961இல் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பு வரை இக்கரையில் குளியாளி மூச்சடக்கித் தனியாகத்தான் மூழ்கினார். தோணியில் ஒருவர் அவர் கயிற்றைப் பிடித்திருந்தார். கீழிருந்து வரும் ஓர் அசைவில் மூச்சு முடியப்போவதை அந்தக் கை அறியும். அதுபோலவே மேளக்காரர் காளியின் முழங்காலையும் மார்பின் ஏற்ற இறக்கத்தையும் பார்த்தே அடியைக் கூட்டுகிறார், தணிக்கிறார். தசராவைப் பதிவுசெய்வோர் காளியின் முகத்தையே படம்பிடித்துவிட்டு நகர்கிறார்கள். மரக்கைகளை முதுகில் கட்டுபவருக்கும் தப்பட்டைக்காரருக்கும் அந்த உடலைப் பற்றித் தெரிந்ததைக் கேட்டு எழுதும் வேலை அப்படியே கிடக்கிறது.