பளபளப்பின் கணக்கு: காரைத் தேய்க்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது?

பாலிஷ் போட்டால் பெயிண்டுக்கு ஏதோ சத்து சேர்கிறது என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். உண்மையில் பாலிஷ் என்பது கழித்தல் கணக்கு. மிக நுண்ணிய துகள்களால் பெயிண்டின் மேல்தோலைச் சீவுகிறோம்; கீறலின் அடி வரைக்கும் மேற்பரப்பு இறங்கியதும் கீறல் மறைந்துவிடுகிறது. வாக்ஸ் மட்டும்தான் சேர்க்கிற வேலை. இவை இரண்டும் ஒரே வேலை போல நம் மனதில் ஒட்டிக்கொண்டதற்குப் பின்னால் நூறு வருட வரலாறு இருக்கிறது.

முதல் கார்களுக்குக் குதிரை வண்டிக்கு அடித்த அதே வார்னிஷ்தான். பிரஷ்ஷால் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூச வேண்டும். ஒரு கார் முடிய வாரக்கணக்கில் ஆகும். அசெம்பிளி லைன் வேகமாக ஓடினாலும் பெயிண்ட் காயவேண்டுமே! ஃபோர்டு 1914 முதல் 1925 வரை மாடல் டி-யைக் கருப்பில் மட்டுமே விற்றது. அது அஸ்பால்ட் கலந்த, அடுப்பில் சூடாக்கிக் காயவைக்கிற எனாமல். மலிவு, உழைக்கவும் செய்தது.

இந்த முடிச்சை அவிழ்த்தது வெடிமருந்து வேதியியல். முதல் உலகப் போரில் வெடிமருந்து தயாரித்துப் பெரிதான டூபாண்ட், அதே நைட்ரோசெல்லுலோஸை வைத்து டூக்கோ என்ற லேக்கரை உருவாக்கியது. ஜெனரல் மோட்டார்ஸில் அப்போது டூபாண்டுக்குப் பெரிய பங்கு இருந்தது. 1924 மாடல் ஓக்லாந்து கார் 'ட்ரூ ப்ளூ' நிறத்தில் டூக்கோ பூச்சுடன் வந்தது. வாரங்கள் மணிநேரங்களாகச் சுருங்கின. கலர் கலராகக் கார்கள் வந்தன. நம்மூர் தச்சுப் பட்டறைகளில் இன்றும் 'டூக்கோ அடிக்கணும்' என்கிறார்களே, அந்தப் பெயரின் பூர்வீகம் இதுதான்.

ஆனால் லேக்கருக்கு ஒரு குணம் உண்டு. ஸ்ப்ரே அடித்து காய்ந்ததும் அது மங்கலாகத்தான் இருக்கும். காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால்தான் பளபளப்பு வரும். வெயிலில் நின்றால் மேல்பரப்பு செத்து, சுண்ணாம்பு மாதிரி பொடியும். அந்தச் செத்த தோலைத் தேய்த்து எடுத்தால் கீழே புது நிறம் தெரியும். பூச்சும் தடிமனாக இருந்ததால் சீவுவதற்கு இடம் இருந்தது. ஆகவே அந்தக் காலத்தில் 'வருஷா வருஷம் காம்பவுண்ட் போடு, அப்புறம் வாக்ஸ் போடு' என்பது சரியான அறிவுரை.

இந்தப் பழக்கத்தைச் சுற்றி ஒரு தொழிலே வளர்ந்தது. சிகாகோவில் 1910 வாக்கில் ஆரம்பித்த சிமோனைஸ் எவ்வளவு பிரபலமானது என்றால், அதன் பெயரே 'மெருகேற்று' என்ற பொருளில் ஆங்கில அகராதிக்குள் போய்விட்டது. அதே ஊரில் 1940களில் பென் ஹிர்ஷ் ஆரம்பித்த தொழில்தான் பின்னால் டர்ட்டில் வாக்ஸ். இந்த வாக்ஸ்களின் உயிர் கார்னௌபா. வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனை வகை, தன் ஓலையிலிருந்து ஈரம் போகாமல் காக்கச் சுரக்கும் மெழுகு அது. சுமார் 82 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும். 1935-ல் ஜான்சன் வாக்ஸ் முதலாளி எச்.எஃப். ஜான்சன், இந்தப் பனையைத் தேடி விஸ்கான்சினிலிருந்து நீரிலும் தரையிலும் இறங்கும் விமானத்தில் பிரேசில் வரை போய்வந்தார்.

பிறகு பெயிண்டே மாறிப்போனது. 1980களில் பரவலான முறையில் நிறம் ஒரு மெல்லிய படலம். அதன்மேல் நிறமில்லாத கிளியர் கோட். பளபளப்பு தொழிற்சாலையிலேயே வந்துவிடுகிறது. கிளியர் கோட்டின் தடிமன் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான், அதாவது தலைமுடியை விட மெல்லியது. புற ஊதாக் கதிரைத் தடுக்கிற வேதிப்பொருளும் அதற்குள்தான் இருக்கிறது. ஒருமுறை முரட்டுக் காம்பவுண்டால் தேய்த்தால் சில மைக்ரான் போய்விடலாம். அது திரும்ப வளராது.

பெயிண்ட் மாறியது, அறிவுரை மாறவில்லை. எங்கள் மென்பொருள் துறையில் இது தினமும் பார்க்கிற காட்சி: சர்வர் மாறி வருடங்கள் ஆகியிருக்கும், பழைய ஸ்கிரிப்ட் மட்டும் ராத்திரி தோறும் ஓடிக்கொண்டிருக்கும். லேக்கர் காலத்து ஸ்கிரிப்டை கிளியர் கோட் மேல் ஓட்டினால் சில வருடங்களில் பானெட்டும் கூரையும் தோல் உரிந்து திட்டுத் திட்டாக நிற்கும். அப்புறம் முழுசாக ரீபெயிண்ட்தான்.

வீட்டில் பஃபர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வரலாறு தருகிற பாடங்கள் எளிமையானவை. முதலில் உங்கள் கார் எந்தக் காலத்தது என்று கண்டுபிடியுங்கள். மறைவான இடத்தில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணியில் கார் நிறம் ஏறினால் மேலே கிளியர் கோட் இல்லை. அடுத்தது மெஷின். ரோட்டரி ஒரே மையத்தில் சுழல்வதால் வேகமாகச் சீவும், சூடும் ஏறும். டூயல் ஆக்‌ஷன் சுழன்றபடியே ஆடவும் செய்யும். அழுத்தினால் சுழற்சி நின்றுவிடும். அதனால் புதியவர் கைக்கு அதுவே பாதுகாப்பு. ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயிண்ட் சீக்கிரம் போய்விடும் என்பதால் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். அந்த டேப்பும் இதே கதையின் குழந்தைதான்: இரட்டை நிறக் கார்களுக்கு நேர்கோடு எடுக்கத் திணறிய பெயிண்டர்களைப் பார்த்து, 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ 1925-ல் உருவாக்கியது.

மென்மையான பேட், மென்மையான பாலிஷில் ஆரம்பியுங்கள். அதிலேயே திருப்தி வந்தால் நிறுத்திவிடுங்கள். விரல் நகம் மாட்டுகிற ஆழமான கீறலைத் துரத்த வேண்டாம். வாக்ஸை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாராளமாகப் போடலாம், அது வரவு. காம்பவுண்ட் செலவு. அந்த 40 மைக்ரான்தான் காரின் ஆயுளுக்கும் கையிருப்பு.