பொக்காளி வயலும் நீலக்கோழியும்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் அரிசி மூட்டை இறங்குவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் தெற்கே செல்லானத்தில் உப்பு மண்ணிலும் நெல் விளைகிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதுதான் பொக்காளி.

ஜூன் மழை உப்பைக் கழுவியதும் விதைப்பார்கள். அக்டோபர் வாக்கில் கதிரை மட்டும் அறுப்பார்கள். தாள் நீரிலேயே அழுகும். நவம்பர் நடுவில் தூம்பைத் திறந்தால் ஏற்றத்தோடு இறால் குஞ்சு உள்ளே வரும். அழுகிய தாள் அதற்கு இரையாகும். ஏப்ரல் 14-இல் இறால் காலம் முடியும். உரமில்லை, பூச்சிமருந்தில்லை. அதனால்தான் கொக்கும் நாரையும் அங்கே குடியிருக்கின்றன. தூம்பு என்பது தமிழ்நாட்டு ஏரி மதகுக்கும் பழம்பெயர் என்பது குறிப்பிடத்தக்கது.

இறாலில் லாபம் கூடியதால் பலர் விதைப்பதை விட்டுவிட்டார்கள். வேம்பநாட்டு ஈரநிலம் 2002-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2008-ஆம் ஆண்டு கேரளச் சட்டம் வயலை மண்ணிட்டு நிரப்புவதைத் தடுத்தது. ஆனால் சட்டம் வந்து விதைக்குமா?

அங்கே ஒரு சேட்டன் என்னிடம் சொன்னார்: "பத்துப் பேர் விதைச்சா நீலக்கோழி பத்து வயல்ல மேயும். நான் ஒருத்தன் விதைச்சா எல்லாம் என் வயல்லதான்." கொல்லவும் கூடாது, அது சட்டம் காக்கும் பறவை.

ஐரோப்பாவில் 1980 முதல் வயல்வெளிப் பறவைகள் பாதிக்குமேல் குறைந்துவிட்டன. வாழிடம் காக்கும் உழவருக்கு அங்கே மானியம் உண்டு. கேரளமும் 2020-இல் நெல்வயல் உரிமையாளருக்கு ஹெக்டேருக்கு 2000 ரூபாய் ஊக்கத்தொகை தொடங்கியது. நல்ல தொடக்கம்தான். எனினும் பறவையை எண்ணுகிறவர்கள், அது தின்ற கதிரையும் எண்ண வேண்டும். விதைக்கிறவர் போய்விட்டால் பறவைக்கும் அங்கே இடமில்லை.